தாத்தா பாட்டியைக் குதிரையில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறையில் பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரைக்கு வரும் குடும்பங்களில், குதிரையேற ஆசைப்படுவது பிள்ளைகள் மட்டும் இல்லை. பேரன் இறங்கியதும் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏறட்டும். எழுபது வயதுக்கு மேல் நிமிர்ந்து உட்கார்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் புதிதாகக் குதிரை பிடிக்க வரும் பையன்கள், நாங்கள் வேலை பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். குடும்பத்தினரும் சேர்ந்துகொள்கிறார்கள். தலைக்கவசம் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

இறங்குவதை யோசிக்காமல் ஏற்றுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். ஏற்றிவிட நாலு பேர் ஓடி வருகிறார்கள். இறங்கும் நேரத்தில் எல்லோரும் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கொஞ்ச நேரம் காலை அகட்டி உட்கார்ந்தாலே இடுப்பும் தொடையும் இறுகிவிடும். வலது காலைத் தூக்கி மறுபக்கம் கொண்டுவருவதே பெரும்பாடு.

கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெரியவர் சவாரியைச் சந்தோஷமாக முடித்தார். குதிரை நின்றதும் இரண்டு மகன்களும் "வாங்கப்பா" என்று இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். அவருடைய இடது கால் இன்னும் அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையத்துக்குள், இருந்தது. பாரம் ஒரே பக்கம் சாய்ந்ததும் குதிரை ஓர் அடி நகர்ந்தது. கணுக்கால் முறிந்து, மீதி விடுமுறை ஆஸ்பத்திரியில் போனது. அப்புறம் எல்லோரும் குதிரையைத் திட்டினார்கள்! அப்படி இழுத்தால் எந்தக் குதிரையும் சமாளித்து நிற்கக் காலை மாற்றித்தான் வைக்கும்.

மணலில் நின்று ஏற்றாதீர்கள். உறுதியான படிமேடை இல்லையென்றால் சவாரியே வேண்டாம். இறங்கும்போதும் குதிரையை அதே மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். குதிரை பிடிப்பவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும். முதலில் இரண்டு கால்களும் அங்கவடியை விட்டு வெளியே வரட்டும். பிறகு பெரியவர் முன்னால் குனிந்து, வலது காலைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, வயிறு சேணத்தில் உரசும்படி மெல்ல இறங்கட்டும். பக்கத்தில் தாங்குவதற்கு ஒருவர் போதும். கால் ஊன்றியதும் நடக்க விடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று நின்றால் தலை சுற்றலாம். சேணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கட்டும்.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவரைக் குதிரையில் ஏற்றவே வேண்டாம்.

மாத்திரை விவரம் கேட்காமல் விடுவது

வார்ஃபாரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர் விழுந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் தலைக்குள் ரத்தம் கசியலாம். இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். பேரப்பிள்ளைகள் முன்னால் கேட்டால் தாத்தா "ஒன்னும் இல்ல" என்றுதான் சொல்வார். தனியாகக் கேளுங்கள்.

சிலிப்பர்

கூடாது. பாதம் முழுதாக அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

பறக்கும் துணி

பாட்டியின் துப்பட்டா காற்றில் படபடத்தால் குதிரை மிரளலாம். இங்கே ஜெட் ஸ்கி சத்தமும் பாராசெயிலிங் பாராசூட்டும் வேறு இருக்கின்றன. துணியை இழுத்துக் கட்டுங்கள், அந்தப் பக்கம் போகாமல் மறுபக்கம் நடத்தச் சொல்லுங்கள்.

பின்னால் நின்று படம் எடுப்பது

வாலுக்கு நேர் பின்னால் நிற்பது குதிரைக்குத் தெரியாது. உதைக்கும்.

"ஏறுங்க பாட்டி, ஒன்னும் ஆகாது"

பயந்துபோய் உட்காருகிறவர் தன்னை அறியாமல் இரண்டு கால்களாலும் குதிரையின் விலாவை இறுக்குவார். பழக்கிய குதிரைக்கு அது "போ" என்ற கட்டளை. அது வேகம் எடுக்க, அவர் இன்னும் இறுக்குவார். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னவரை மறுபடி கெஞ்சாதீர்கள். குதிரையின் இடது தோள்பக்கமாக நின்று அதன் கழுத்தைத் தடவிக் கொடுக்கட்டும், அதைப் படம் எடுங்கள்.