முதல் வளைவுச் சண்டை அடங்கியது இப்படித்தான்

கம்ப்யூட்டரில் ஆன்லைனாகக் கார் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங் லீக் ஒன்றை நடத்துகிறேன். எங்கள் லீக்கில் பலர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நிஜப் பந்தயம் பார்த்த கோவைக்காரர்கள். ஆனாலும் முதல் வளைவில் இடிப்பதும், உடனே மைக்கில் "ஏனுங்ணா, கண்ணு தெரியலீங்களா?" என்று கத்துவதும் நிற்கவில்லை. மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

ரேஸ் ஓடும்போது எல்லார் மைக்கையும் மூடிவிட்டேன். புகாரெல்லாம் பிறகு, லேப் (சுற்று) எண்ணோடு, ரீப்ளேயோடு. வளைவில் திரும்பும் நொடியில் உள்ளே நுழைந்தவரின் முன்சக்கரம் மற்ற காரின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். வந்திருந்தால் மற்றவர் இடம் விட்டாக வேண்டும். இல்லையென்றால் நுழைந்தவருக்கு 5 விநாடி அபராதம். சம்பந்தப்பட்டவர் தீர்ப்பில் உட்காரக் கூடாது, நான் உட்பட.

சுழன்று நின்றவர் மற்ற கார்கள் கடக்கும் வரை பிரேக்கை விடாமல் காத்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் ஏக எதிர்ப்பு. லேக் (இணையத் தாமதம்) என்ற சாக்கும் செல்லாது. வைஃபையை விட்டு கேபிள் மாட்டுங்க என்றேன்.