மெட்ராஸ் ஐ வந்தால் முதலில் சோப்பு, சொட்டு மருந்து அப்புறம்

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையாளிகள் இதைச் செங்கண்ணு என்பார்கள், நாங்கள் மெட்ராஸ் ஐ என்போம். 1918-ல் சென்னையில் பரவியபோது கவனித்து எழுதி வைத்ததால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோ வைரஸையே 1953-ல்தான் கண்டுபிடித்தார்கள். பெயர் எதுவானாலும் வேலந்தாவளம் செக்போஸ்டில் அதை யாரும் நிறுத்தப்போவதில்லை.

பஸ்ஸில் கண் சிவந்தவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அது வீண். பார்த்தால் ஒட்டாது. அவர் கண்ணைத் துடைத்த கையோடு கம்பியைப் பிடிப்பார், அதே கம்பியை நாம் பிடித்து, ஸ்டாப் வருவதற்குள் கண்ணைக் கசக்குவோம், வேலை முடிந்தது. கூலிங் கிளாஸ் நம் கூச்சத்துக்குத்தான், நோயை அது தடுக்காது. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஏனென்றால் சானிடைசருக்கு இந்த வைரஸ் சுலபமாகச் சாகாது. துண்டு, தலையணை உறை, கண் மை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். வீட்டில் ஒரே துண்டு ஆணியில் தொங்கினால் வரிசையாக எல்லோருக்கும் வரும், எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

எந்த வகை என்று ஓரளவு நாமே பார்க்கலாம். ஒரு கண்ணில் ஆரம்பித்து ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்குத் தாவி, தண்ணீராக வடிந்து, மண் விழுந்த மாதிரி உறுத்தி, காதுக்கு முன்னால் நெறி கட்டினால் பெரும்பாலும் வைரஸ். மஞ்சளாக, கெட்டியாகப் பீளை வந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரண்டு கண்ணும் ஒரேயடியாக அரித்துத் தும்மலும் சேர்ந்தால் அலர்ஜி, அது யாருக்கும் ஒட்டாது.

அடினோ வைரஸ் என்றால் அதைக் கொல்ல மருந்து கிடையாது, ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பீளையைத் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு, துடைத்ததும் எறிந்துவிடுங்கள். குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம், செயற்கைக் கண்ணீர் என்கிற சொட்டு மருந்து விடலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட வேண்டும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சல். மருந்துக் கடையில் கண்ணைக் காட்டியதும் ஒரு பாட்டிலை நீட்டினார்கள், இரண்டே நாளில் சிவப்புப் போய்விட்டது, நானும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதையே வாங்கச் சொன்னேன். மருந்தை நிறுத்தியதும் சிவப்பு திரும்பி வந்தது. டாக்டர் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் திட்டினார், அதில் ஸ்டீராய்டு இருந்தது. சிவப்பை அடக்குமே தவிர வைரஸை ஒன்றும் செய்யாது. அதே சிவப்பு அக்கி (ஹெர்பிஸ்) வைரஸால் வந்திருந்தால் இந்த மருந்தால் கருவிழியே புண்ணாகியிருக்கும், நீண்ட நாள் இதைப் போட்டால் கண் அழுத்தமும் ஏறும். அதனால் லேபிளைப் படியுங்கள்: டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள்.

வலி அதிகமாக இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். லென்ஸ் போடுகிறவர்களுக்குச் சிவந்தாலும், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குப் பீளை வந்தாலும் அப்படித்தான். நம் பக்கம் வயல் வேலை செய்கிறவர்கள் நெல் இலையோ ஓலையோ கண்ணில் கீறி, அதை மெட்ராஸ் ஐ என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அது பூஞ்சைப் புண்ணாக மாறினால் பார்வை போய்விடும்.

பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்புவது? நீர் வடிவது நிற்கட்டும். அலமாரியில் மிச்சம் இருக்கும் பழைய சொட்டு மருந்தை, திறந்து ஒரு மாதம் தாண்டியிருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள், அடுத்த ஆளுக்கு உதவும் என்று எடுத்து வைக்காதீர்கள்.