பெங்களூரில் ஒரு கல்லூரிப் பெண்கள் பேஸ்கட்பால் அணியைக் கோப்பை வரை கொண்டுபோவது எப்படி

கல்லூரி மட்டத்தில் பெண்கள் பேஸ்கட்பால் கோப்பையைத் தீர்மானிப்பவை மூன்று விஷயங்கள். வளையத்துக்கு அடியில் கிடைக்கும் லே-அப் (ஓடிவந்து எழும்பி, வளையத்துக்குப் பக்கத்திலிருந்து போடும் ஷாட்) உள்ளே போகிறதா, பந்தை ஷாட் எடுக்காமலே எத்தனை முறை இழக்கிறீர்கள், போட்டியின் ஐந்தாம் நாளிலும் ஓடக்கூடிய எட்டுப் பேர் இருக்கிறார்களா. வளையத்தை ஒட்டி ஆட ஆறடி உயர சென்டர் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2017 ஜூலையில் இதே ஊரில், கண்டீரவா உள்ளரங்கில், பெண்கள் ஆசியக் கோப்பை டிவிஷன் பி இறுதிப் போட்டியில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. வித்தியாசம் இரண்டு பாயின்ட், அதாவது ஒரு லே-அப். அந்த அணியில் நம் சென்னை அனிதா பால்துரையும் ஆடினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

முதலில் காலண்டர்

உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதைப் பொறுத்து சீசனே மாறும். பெங்களூர் பல்கலைக்கழகம், விடியு (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) போன்றவற்றின் இணைப்புக் கல்லூரி என்றால், உங்கள் கோப்பை அந்தப் பல்கலைக்கழகத்தின் இன்டர்-காலேஜ் கோப்பை. அதற்கு மேலே போவது கல்லூரி அணி அல்ல, செலக்ஷன் நடத்திப் பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுக்கும் பல்கலைக்கழக அணி. ஜெயின், கிறைஸ்ட் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நேரே தென்மண்டலப் போட்டிக்குப் போகின்றன. இதை முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். இன்டர்-காலேஜில் கோப்பை வாங்கியபின் அணியில் பாதிப் பேர் வேறு ஜெர்சியில் ஆடப் போவார்கள் என்று முன்பே தெரிந்தால் மனக்கசப்பு வராது.

போட்டித் தேதி தெரிந்ததும் பின்னாலிருந்து எண்ணுங்கள். குறைந்தது 10 வாரம் வேண்டும். முதல் 4 வாரம் உடம்பும் அடிப்படையும், அடுத்த 4 வாரம் டிஃபென்ஸும் செட் ஆட்டமும் (முன்பே வகுத்துப் பழகும் நகர்வுகள்), கடைசி 2 வாரம் பயிற்சி ஆட்டங்கள். நடுவில் இன்டர்னல் தேர்வு விழும் வாரத்தை இப்போதே குறித்துக்கொண்டு, அந்த வாரத்துக்கு மூன்றே நாள் பயிற்சி என்று வையுங்கள். தேர்வு வாரத்தில் முழுப் பயிற்சி வைத்தால் ஆளும் வராது, அட்டெண்டன்ஸ் சண்டையும் வரும்.

பயிற்சி நேரம் காலை 6 முதல் 7:45. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. நிறையக் கல்லூரிகளில் இருப்பது திறந்தவெளி சிமென்ட் கோர்ட், நனைந்தால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராம்புரம் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டில் இன்னொரு கேள்வியும் இருக்கும்: "ராத்திரி எத்தனை மணிக்கு வருவா?" அது நியாயமான கேள்வி. சீசன் முழுவதுக்குமான தேதி, நேரம், இடம், உடன் வரும் மேடத்தின் ஃபோன் எண் எல்லாம் ஒரே தாளில் அச்சடித்து, அப்பா அம்மாவை ஒரு சனிக்கிழமை வரவழைத்துக் கையில் கொடுங்கள். செமிஃபைனலுக்கு முந்தின நாள் "வெளியூருக்கு அனுப்ப மாட்டோம்" என்று ஒரு வீடு சொல்வது, பெரும்பாலும் ஆரம்பத்தில் யாரும் அவர்களிடம் பேசாததால்தான்.

செலக்ஷன்

செலக்ஷனை இரண்டு நாள் நடத்துங்கள். முதல் நாள் படபடப்பில் சொதப்பிய பிள்ளை இரண்டாம் நாள் வேறு ஆளாக ஆடுவாள். ஆட்டப் பட்டியலில் 12 பேருக்குத்தான் இடம் என்றாலும் 15 பேரை எடுங்கள். காயம், அரியர், இடமாற்றம் என்று மூன்று பேர் எப்படியும் கழிவார்கள்.

பார்க்க வேண்டியவை: பந்தை இழந்த அடுத்த நொடி தலை தொங்குகிறதா, கால் திரும்பி ஓடுகிறதா. இடது கையால் டிரிபிள் செய்யும்போது கண் பந்தில் இருக்கிறதா, கோர்ட்டில் இருக்கிறதா. தவறைச் சுட்டிக் காட்டினால் அடுத்த முறை மாற்றுகிறாளா. ஓட்டத்துக்கு, 15 மீட்டர் அகலத்தை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கடக்கிறாள் என்று எண்ணுங்கள். ஆரம்பத்தில் 14 வந்தால் போதும். போட்டிக்குள் 16, 17-க்கு வர வேண்டும்.

பந்தும் வளையமும்

பெண்களுக்கு 6-ஆம் சைஸ் பந்து: சுற்றளவு ஏறக்குறைய 72 செ.மீ., எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பையன்களோடு கோர்ட்டைப் பகிரும் கல்லூரிகளில் 7-ஆம் சைஸ் பந்து கைக்குக் கிடைக்கும், அதிலேயே பயிற்சி ஓடும். கனமான பந்துக்குப் பழகிய கை போட்டியில் 6-ஆம் சைஸைத் தொட்டதும் ஷாட் நீளமாகப் போய்ப் பின் வளையத்தில் இடிக்கும். குறைந்தது 8 பந்து, எல்லாம் 6-ஆம் சைஸ், அதில் குறைந்தது இரண்டு பந்து போட்டியில் பயன்படுத்தும் அதே பிராண்டு என்று வாங்குங்கள்.

டேப் எடுத்து வளையத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். 3.05 மீட்டர் இருக்க வேண்டும். தரையை மறுபடி பூசிய கோர்ட்டுகளில் குறைந்திருக்கும். ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) போடும் கோடு போர்டின் முகத்திலிருந்து 4.6 மீட்டர். அந்தக் கோட்டைத் தவறாக வரைந்த கோர்ட்டில் மூன்று மாதம் பழகினால், பழகியது தவறான தூரம்.

லே-அப்: சீசனின் பாதி இங்கேதான்

எந்தக் கல்லூரி ஆட்டத்தையும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், தோற்ற அணி தவறவிட்ட நெருக்கமான ஷாட்டுகளே பல நேரம் தோல்வியின் வித்தியாசத்தைவிட அதிகமாக இருக்கும். ஆனாலும் பயிற்சியில் எல்லோரும் மூன்று பாயின்ட் கோட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். தினமும் முதல் 25 நிமிடம் லே-அப்புக்கு: 10 வலது, 15 இடது.

லே-அப் தவறக் காரணங்கள் சிலவே. வேகத்தில் வளையத்துக்கு நேர் கீழே போய்விடுவதுதான் அதிகம் நடப்பது. அங்கிருந்து தூக்கினால் பந்து வளையத்தின் அடியில் இடித்துத் திரும்பும். 45 டிகிரி கோணத்தில் வந்து, வளையத்துக்கு ஒரு நீண்ட அடி முன்னாலேயே எழும்ப வேண்டும். போர்டில் வரைந்த செவ்வகத்தின் 59 செ.மீ. அகலத்தில், தன் பக்க மேல் மூலைதான் குறி. முன்னால் பாய்கிற உடம்பை மேலே திருப்புவது கடைசி அடி, அது நீளமாக இல்லாமல் குறுகலாக இருக்கட்டும். எதிராளி பக்கத்தில் வந்ததும் பந்தைக் கீழே இறக்குவது இன்னொரு தவறு. பந்தை எடுத்ததும் தாடைக்குக் கீழே போகக் கூடாது, இடுப்புயரத்தில் வைத்திருக்கும் பந்தை யார் வேண்டுமானாலும் தட்டிவிடுவார்கள்.

தனியாக ஓடிப் போடும் லே-அப் பயிற்சியால் பெரிய பலன் இல்லை. பாதிக் கோட்டிலிருந்து ஓடவிடுங்கள், பின்னால் இரண்டு அடி தள்ளி ஒருத்தி துரத்தட்டும். பயிற்சியாளர் கையில் ஒரு ஜிம் பேட் வைத்து, எழும்பும்போது தோளில் லேசாக இடிக்கட்டும். தொடர்ந்து 10 உள்ளே போக வேண்டும், ஒன்று தவறினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் யாரும் சொல்லாமலே இடது பக்கத்தில் வரிசை நிற்பதைப் பார்ப்பீர்கள்.

ஃப்ரீ த்ரோவை இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும், ஆட்டத்தில் கிடைப்பது அப்படித்தான். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது போடச் சொல்லுங்கள். வாரம் ஒருவருக்கு 100, குறைந்தது 65 உள்ளே. எத்தனை முறை பந்தைத் தட்டுவது, எப்போது மூச்சு விடுவது என்று ஒவ்வொருவரும் ஒரு வரிசையை முடிவு செய்து அதை மாற்றக் கூடாது. நடுவர் பந்தைக் கொடுத்தபின் 5 விநாடிதான், வரிசை அதற்குள் அடங்க வேண்டும்.

ரீபவுண்டில், அதாவது தவறிய ஷாட்டைப் பிடிப்பதில், ஷாட் எழும்பியதும் எல்லோரும் பந்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். முதலில் தன் ஆளைத் தேடி, முழங்கையை மடக்கி அவள் மேல் வைத்து, திரும்பி, இடுப்பைத் தாழ்த்தி அடைத்துக்கொண்ட பிறகுதான் பந்தைப் பார்க்க வேண்டும். கார்னரிலிருந்து தவறும் ஷாட் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் விழும், அங்கே ஒருத்தியாவது நிற்க வேண்டும்.

பிரஸ்ஸும் ஜோனும்

இன்டர்-காலேஜில் நிறைய அணிகள் முழு கோர்ட் பிரஸ் (பந்து கிளம்பும் இடத்திலிருந்தே கோர்ட் முழுக்க நெருக்கும் டிஃபென்ஸ்) போட்டே ஜெயிக்கின்றன, பந்தைக் கொண்டுவரத் தெரிந்த ஆள் ஒவ்வொரு அணியிலும் ஒருத்திதான் என்பதால். நீங்களும் போடலாம். 2-2-1 அமைப்பு (முன்னால் இருவர், நடுவில் இருவர், கடைசியில் ஒருத்தி) பாதுகாப்பானது. பக்கக் கோட்டை ஒட்டி விரட்டிக்கொண்டு போய், பாதிக் கோட்டைத் தாண்டிய மூலையில் இருவர் மடக்க வேண்டும். அங்கே பின்னால் பாஸ் கொடுத்தால் பேக்கோர்ட் வயலேஷன் (பாதிக் கோட்டைத் தாண்டிய பந்தைத் திரும்பக் கொண்டுபோகும் தவறு), பக்கத்தில் கோடு. கோர்ட்டின் நடுவில் மடக்கினால் நாலா பக்கமும் பாஸ் திறந்து கிடக்கும்.

அதைவிட முக்கியம் பிரஸ்ஸை உடைக்கத் தெரிவது. ஒருத்தி நடுவில் நிற்க, பந்து முதலில் அவளுக்குப் போக வேண்டும், அவள் வாங்கியதும் வளையத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். 8 விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டப் பாஸே போதும், டிரிபிள் செய்துகொண்டு மூலைக்குப் போவது எதிரணி விரும்புவது. பயிற்சியில் 5 பேருக்கு எதிராக 7 பேரை பிரஸ் போட வையுங்கள்.

2-3 ஜோனுக்கு (ஆளைத் துரத்தாமல், முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக இடத்தைக் காக்கும் டிஃபென்ஸ்) எதிராக வெளியே சுற்றிச் சுற்றி பாஸ் கொடுத்துக் கடைசியில் அவசரமாக ஒரு மூன்று பாயின்ட் எறிவது பழகிப்போன நோய். பந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவுக்குப் போகட்டும். மூன்று டிஃபெண்டர்கள் உள்ளே இழுபடுவார்கள், வளையத்தை ஒட்டிய பேஸ்லைன் பக்கம் திறக்கும்.

டிஃபென்ஸில் பேசும் மொழியையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கன்னடம், தமிழ், மலையாளம், ஹிந்தி எல்லாம் கலந்த அணியில் "பால்", "ஹெல்ப்", "ஸ்கிரீன் லெஃப்ட்" (இடப் பக்கம் ஒருத்தி வழியடைத்து நிற்கிறாள்) என்ற மூன்று கூப்பாடு போதும், ஆனால் அதை ஐந்து பேரும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முழங்காலும் ரத்தமும்

பெண் வீராங்கனைகளுக்கு முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் மடங்குவதே முக்கியக் காரணம். வாரம் மூன்று நாள், வார்ம்-அப்பிலேயே 15 நிமிடம்: இரண்டு காலில் குதித்து மெதுவாக இறங்குதல், ஒற்றைக் காலில் இறங்கி 3 விநாடி நிற்றல், ஸ்குவாட், பக்கவாட்டு லஞ்ச், பிளாங்க். எதிரே ஒருத்தி நின்று முழங்கால் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தானே பார்த்தால் தெரியாது. கணுக்கால் சுளுக்கிய பிள்ளை அதே காலில் 10 முறை வலியில்லாமல் குதிக்கும் வரை ஆடக் கூடாது, ஃபைனலாக இருந்தாலும்.

சீசன் தொடக்கத்தில் எல்லோருக்கும் சிபிசி ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, டாக்டரிடம் அனுப்புங்கள். "சோம்பேறி" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் இதுதான். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்புச் சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். ஷார்ட்ஸ் கறுப்பு நிறமாக இருக்கட்டும், அணிப் பையில் நாப்கினும் ஒரு மாற்று ஷார்ட்ஸும் எப்போதும் இருக்கட்டும். இதைக் கேட்டு வாங்கும் நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

நோட்டு

பெஞ்சில் இருப்பவள் ஒருத்தி எண்ணட்டும். ஷாட் முயற்சி + ஃப்ரீ த்ரோ முயற்சியில் 0.44 பங்கு − அஃபென்ஸ் ரீபவுண்ட் (நம் ஷாட் தவறி நாமே திரும்பப் பிடித்தது) + டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமலே இழந்த பந்து), இதுதான் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்புகள். 60 ஷாட், 15 ஃப்ரீ த்ரோ, 12 அஃபென்ஸ் ரீபவுண்ட், 20 டர்ன்ஓவர் என்றால் ஏறக்குறைய 75 வாய்ப்பு. அதில் 20 வீண், கால் பங்குக்கு மேல். ஐந்தில் ஒன்றுக்குக் கீழே, அதாவது 15-க்குள் கொண்டுவந்துவிட்டால் புதிதாக ஒரு செட் ஆட்டமும் கற்றுத் தர வேண்டியதில்லை.

சென்னைக்குப் போனால்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ச்சியான ஊர். சென்னை உள்ளரங்கின் புழுக்கத்தில் இரண்டாம் குவார்ட்டரிலேயே கால் இழுத்துப் பிடிக்கும். கடைசி 10 நாள் பயிற்சியில் சிலவற்றைப் பகல் 11 மணிக்கு மாற்றுங்கள், இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், அரை லிட்டரில் முழு பாக்கெட்டைக் கரைத்தால் வயிறு புரட்டும். ஆட்டத்துக்கு 3 மணி நேரம் முன் இட்லியோ தயிர்சாதமோ, ஒரு மணி நேரம் முன் வாழைப்பழம். விடுதிப் பூரியும் பிரியாணியும் ஃபைனல் முடிந்தபின். லீக் ஆட்டங்களில் யாரையும் 28 நிமிடத்துக்கு மேல் ஆடவிடாதீர்கள், ஏழாவது எட்டாவது ஆளுக்கு அங்கேதான் அனுபவம் கிடைக்கும்.

கடைசி இரண்டு நிமிடம்

இரண்டாம் பாதிக்கு 3 டைம்-அவுட், ஆனால் நான்காம் குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் 2 மட்டுமே எடுக்க முடியும். அதற்கு முன்பே ஒன்றை எடுக்காவிட்டால் அது வீண். அந்தக் கடைசி 2 நிமிடத்தில், கோர்ட்டில் நீங்கள் காக்கும் பாதியில் பந்து உங்களுடையதாக இருக்கும்போது டைம்-அவுட் எடுத்தால், எதிரணி காக்கும் பாதியிலிருந்தே பந்தைப் போட நீங்கள் கேட்கலாம். குவார்ட்டரில் எதிரணியின் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து உங்களுக்கு 2 ஃப்ரீ த்ரோ, அந்த நேரத்தில் பந்து உங்கள் சிறந்த ஃப்ரீ த்ரோக்காரி கையில் இருக்க வேண்டும். சில கல்லூரிப் போட்டிகளில் ஷாட் கிளாக்கே (ஷாட் எடுக்க மீதியிருக்கும் விநாடிகளை எண்ணும் கடிகாரம்) இருக்காது, டெக்னிகல் மீட்டிங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரம் ஒரு நாள் பயிற்சியின் கடைசி 10 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். போர்டில் எழுதுங்கள்: 3 பாயின்ட் பின்னால், மீதி 1:20, எதிரணிக்கு 4 டீம் ஃபவுல், நமக்கு ஒரு டைம்-அவுட். ஆடி முடித்ததும் இரு பக்கத்தையும் மாற்றி, 3 பாயின்ட் முன்னால் இருப்பவர்களாக மறுபடி ஆடவையுங்கள். முடிவுகளைக் கேப்டன் எடுக்கட்டும், பயிற்சியாளர் வாயைத் திறக்க வேண்டாம்.