127 பகா எண்தானா? மாங்காய்க் கூடைக் கணக்கில் லூக்காஸ்–லேமர் சோதனை

2024 அக்டோபரில், அதுவரை தெரிந்தவற்றிலேயே மிகப் பெரிய பகா எண்ணை அறிவித்தார்கள்: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். அதை உறுதி செய்த லூக்காஸ்–லேமர் சோதனையை நோட்டும் பேனாவும் வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். தருமபுரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் நான் முதலில் போட்டது 127-க்கு. அதாவது 2⁷ − 1.

4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதிக்கு மறுபடியும் அதே வேலை. முடிவில் 0 வந்தால் பகா எண். 2-இன் அடுக்கும் (127-க்கு அது 7) பகா எண்ணாக இருக்க வேண்டும்; 9 என்றால் 2⁹ − 1 = 511 = 7 × 73, சோதனையே வேண்டாம்.

நீள் வகுத்தல் போடாதீர்கள். கிருஷ்ணகிரி மண்டியில் 4487 மாங்காய் இருக்கிறது என்று வையுங்கள். கூடைக்கு 128 போட்டால் 35 கூடை, மீதி 7. நமக்கு வேண்டியதோ கூடைக்கு 127. கூடைக்கு ஒரு காய் வெளியே எடுத்தால் 35 காய். அந்த 7-ஐச் சேர்த்தால் 42. 127-ஆல் வகுத்த மீதி அதுதான். ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும்.

4 → 14
14 → 194 → 1 + 66 = 67
67 → 4487 → 35 + 7 = 42
42 → 1762 → 13 + 98 = 111
111 → 12319 → 96 + 31 = 127, அதாவது 0

நான் தடுக்கி விழுந்த இடம் எண்ணிக்கை. அடுக்கில் 2 குறைத்தால் எத்தனையோ, அத்தனை தடவை வர்க்கம் எடுக்க வேண்டும். 7-க்கு 5 தடவை. தொடக்கத்தில் இருக்கும் 4 கணக்கில் வராது. அதையும் ஒரு தடவையாக எண்ணி 111-இல் நிறுத்திவிட்டேன். 127 பகா எண் இல்லை என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் தவறு தெரிந்தது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து 2¹¹ − 1 = 2047 போடுங்கள். இதற்குக் கூடை 2048. ஒன்பதாவது தடவை 1736 வரும். 0 இல்லை, ஆகவே பகா எண் இல்லை. 23 × 89 என்ற காரணிகளை இந்தச் சோதனை காட்டாது. ஆனாலும் தீர்ப்பு சரி.

2³¹ − 1-க்குப் போனால் எக்செல்லை நம்பாதீர்கள். பத்து இலக்க எண்ணின் வர்க்கம் 19 இலக்கம் வரை போகும். எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மீதி தப்பாகிவிடும். பைதான் என்ற நிரல்மொழியில் முழு எண்ணுக்கு அந்த வரம்பு இல்லை. என் ஓட்டு பைதானுக்குத்தான். 39 இலக்கம் உள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் 1876-இல் கணினியே இல்லாமல் காட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

பின்சேர்க்கை: அடுக்கு 2 போட்டால் 0 வரவில்லையே, 3 பகா எண் ஆயிற்றே என்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. இந்த விதி ஒற்றைப்படைப் பகா அடுக்குகளுக்கு மட்டும்தான். 3-இல் தொடங்குங்கள்: 2³ − 1 = 7, ஒரே தடவை, 14, மீதி 0.