ஓட்டுக்கூரை மாற்றும் செலவைக் கணக்கிடுவது எப்படி?

விளவங்கோடு, கல்குளம், செங்கோட்டைப் பக்கங்களில் பழைய ஓட்டு வீட்டின் கூரையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஓட்டின் விலையைத்தான். கையைக் கடிப்பது பெரும்பாலும் ஓட்டுக்கு அடியில் கிடக்கும் மரம். ஓட்டை இறக்கும்வரை அதன் நிலை முழுதாகத் தெரியாது. ஆசாரி முதல் நாள் சொன்ன தொகை கடைசியில் எகிறுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே தொகை பேசும் முன்பே இரண்டு மூன்று இடங்களில் பத்து ஓடுகளை எடுத்துப் பாருங்கள். இறவாரத்தின் (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம்) மூலை ஒன்று, மோட்டுக்கு (கூரையின் உச்சி) கீழே ஒன்று, பழைய ஒழுக்கு இருந்த இடம் ஒன்று. கழுக்கோல், அதாவது மோட்டிலிருந்து சரிவாக இறங்கும் மரம், சுவரில் உட்காரும் முனையை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முனை மட்டும் உளுத்திருந்தால் முழு மரத்தையும் மாற்ற வேண்டாம். அதே கனமுள்ள துண்டை நல்ல மரத்தோடு மூன்றடியாவது ஒட்டிவரச் சேர்த்து போல்ட் முடுக்கலாம். வைரமேறிய பனங்கை (பனை மரக் கழி), அயனி மரம், தேக்கு ஆகியவற்றில் நல்லதாக இருப்பதைக் கழிக்க ஆசாரி அவசரப்பட்டால் காரணம் கேளுங்கள்.

அடுத்த தப்பு பரப்பளவில் நடக்கிறது. 20-க்கு 30 அடி வீடு, 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் 2 அடி இறவாரம் விட்டால் 24-க்கு 34. இறவார மட்டத்திலிருந்து மோடு 7 அடி உயரம் என்றால் சரிவின் நீளம் 13.9 அடி. இரண்டு சரிவும் சேர்ந்து 945 சதுர அடி வந்துவிடும்.

மங்களூர் ஓடு அளவைப் பொறுத்து 100 சதுர அடிக்கு 130 முதல் 150 வரை பிடிக்கும். 140 என்று கொண்டால் 1,323. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து சுமார் 1,450 வாங்க வேண்டும். மோட்டு ஓடு 33 போதும். பட்டியல், அதாவது ஓட்டின் கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டம், பன்னிரண்டரை அங்குல இடைவெளியில் சரிவுக்கு 15 வரிசை, மொத்தம் 1,020 அடி. கழுக்கோல் முழுவதும் புதிதென்றால், இரண்டடிக்கு ஒன்றாக 14 அடி நீளத்தில் 36. 4-க்கு 2 அங்குல மரத்தில் அது 28 கன அடி. உங்கள் ஊர் மர விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள், செலவு எங்கே போகிறது என்று புரியும்.

பட்டியல் இடைவெளியை வாய்க்கணக்கில் அடிக்க விடாதீர்கள். வாங்கிய லாட்டிலிருந்து பத்து ஓட்டைச் சரிவுப் போக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பூட்டுங்கள். நெருக்கி ஒரு முறை, இழுத்து ஒரு முறை அளந்து ஓடு ஒன்றுக்கு வரும் நடு அளவை எடுங்கள். இடைவெளி கூடினால் ஓட்டின் கொக்கி பட்டியலில் பிடிக்காமல் சறுக்கும். மரத்துக்குப் பதில் இரும்புக் குழாயைப் பட்டியலாக வெல்டிங் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஒட்டியபின் நகர்த்த வழியில்லை.

பழைய ஓட்டைத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பதைக் கழியுங்கள். புது ஓட்டில் நாலைந்தை எடுத்து உலர்வாக எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அந்த லாட் வேண்டாம். பழசையும் புதுசையும் ஒரே சரிவில் கலக்கவே கூடாது. அச்சு வேறானால் பூட்டாது, அங்கேதான் ஒழுகும். பழசு பின்சரிவுக்கு, புதுசு முன்சரிவுக்கு என்று பிரித்துவிடுங்கள்.

கேரளத்தில் திருச்சூர் அருகே ஓட்டுக்குப் பேர்போன ஒல்லூர் பக்கமிருந்து லாரியில் வரவழைத்தால் ஏற்றுக்கூலி, வாடகை, இறக்குகூலி, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கேரளத்தில் நோக்குகூலி, அதாவது சுமக்காமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் கூலி, 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டுவிட்டது. உண்மையாகச் சுமந்தவருக்கான கூலி மட்டுமே கொடுக்க வேண்டியது.

தகரக்கூரை மலிவு என்று மாற நினைத்தால் எடையை யோசியுங்கள். மேற்சொன்ன கூரைக்கு ஓடு மட்டும் மூன்றே கால் டன், அரை மில்லிமீட்டர் தகரமோ 400 கிலோ. பாரம் குறைவது சுவருக்கு நல்லது. ஆனால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்க் காற்றுக்கு அது தூக்கிக் கொடுக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியதை யாரும் மறக்கவில்லை. கூரைச் சட்டத்தைச் சுவரோடு நங்கூர போல்ட் போட்டுக் கட்டும் செலவையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

ஓடு இறக்குதல், மரம், பட்டியல், ஓடு வேய்தல், மோட்டுப் பூச்சு, குப்பை அள்ளுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி வரியில் தொகை வாங்குங்கள். கூடுதலாகப் போகும் மரத்துக்குக் கன அடி விலையை முதலிலேயே பேசிவிட்டால் பாதிச் சண்டை வராது. குமரியில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வேலையை முடியுங்கள், அப்போதும் தார்ப்பாய் கையில் இருக்கட்டும். மிஞ்சும் ஓட்டில் ஐம்பதை விற்காமல் அடுக்கி வையுங்கள். சில வருடம் கழித்து அதே அச்சு கிடைப்பது கஷ்டம்.