காரைக்குடியில் பழைய இசைத்தட்டு வாங்குவோருக்கு: முதல் அச்சை இனங்காணும் முறை

செட்டிநாட்டு வீடுகளில் பாகப்பிரிவினைக்காகச் சாமான் அறையைத் திறக்கும்போது, பித்தளை அண்டாக்களுக்கும் பர்மாத் தேக்குப் பெட்டிகளுக்கும் பின்னாலிருந்து ஒரு கட்டு இசைத்தட்டுகள் வெளிவருவது அரிதன்று. அவற்றுட் பல காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. இவ்வூரில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் படத்தொழிலில் காலூன்றுவதற்கு முன்பே சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் என்ற நிறுவனத்தின் தட்டுகளை விற்றவர் என்பதால், தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில், அதாவது லேபிளில், ஓடியன் பெயரைக் கண்டால் நான் எப்போதும் சற்று நின்றுதான் பார்ப்பேன்.

முதலில் தட்டு எதனால் ஆனது என்று அறிய வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை பெரும்பாலும் அரக்குத் தட்டுகள். கனமானவை, கைதவறினால் ஓடுபோல் உடைபவை, 10 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே கொள்பவை. 45 சுற்று ஓடும் சிறு தட்டான ஈ.பி.யும் 33⅓ சுற்று ஓடும் பெரிய தட்டான எல்.பி.யும் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை, லேசானவை, வளைந்து கொடுப்பவை. இந்த வேறுபாடு தெரியாத காலத்தில் ஓர் அரக்குத் தட்டின் பூஞ்சையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கருத்தது, பாட்டு போய்விட்டது. ஸ்பிரிட் என்பது சாராயம், அரக்கு அதில் கரையும். ஈரம் பிழிந்த மென்துணியே அதற்குப் போதும்.

முதல் அச்சா (பாட்டு முதலில் வெளியானபோது அச்சடித்தது), மறுஅச்சா (பின்னாளில் மீண்டும் அச்சடித்தது) என்பதைச் சொல்வதில் உறையை நான் கடைசியாகத்தான் நம்புவேன், ஏனெனில் கூட்டுக் குடும்பத்தில் பத்துக் கைகள் போட்டுக் கேட்ட தட்டுகள் உறை மாறியே கிடக்கும். தட்டை முகப்புக்கு எடுத்துச் சென்று, காலை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வெற்று வளையத்தில் பொடி எழுத்தாக ஓர் எண் தெரியும். அதுவே அந்தப் பக்கத்தின் மேட்ரிக்ஸ் எண். அதன் வால்பகுதியில் வரும் இலக்கம் பெரும்பாலும் எத்தனையாவது வெட்டு, அதாவது அச்சடிப்பதற்கான மூலத்தட்டை எத்தனையாம் முறை வெட்டியது, என்பதைக் குறிக்கும். 1 என்றிருந்தால் முதல் வெட்டு. ஆனால் முதல் வெட்டிலிருந்தே பின்னாளிலும் அச்சடித்திருக்கலாம் என்பதால், அந்த ஓர் இலக்கத்தை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்தது லேபிள். கிராமஃபோன் கம்பெனி வெளியிட்ட எச்.எம்.வி. எல்.பி.களில் எண்ணுக்கு முன் இ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ (ஒற்றைத் தட ஒலி), இ.சி.எஸ்.டி. என்றிருந்தால் ஸ்டீரியோ (இரட்டைத் தட ஒலி). மோனோவாக வெளிவந்த பழைய பாடல்கள் ஸ்டீரியோ எண்ணோடு கிடைத்தால், அது பிற்காலத்து அச்சு என்று ஐயுற வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கிலப் பி எழுத்தோடு வரும் ஆண்டு பலரை ஏமாற்றுகிறது. அது ஒலிப்பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டேயன்றி, உங்கள் கையிலுள்ள தட்டு அச்சான ஆண்டு அன்று. ஓரத்தில் வளைந்தோடும் நிறுவனப் பெயரையும் படியுங்கள். கிராமஃபோன் கம்பெனி 2000இல்தான் சரிகம என்று பெயர் மாறியது, ஆகவே சரிகம என்றிருந்தால் அதற்கு முந்தைய அச்சன்று.

உறையிலும் சான்று உண்டு, தட்டோடு அது பொருந்தினால். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அவ்வுறை 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. விற்றவர் எழுதிய விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது. நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஒருமுறை நயா பைசா விலை எழுதிய உறையைக் கண்டு மகிழ்ந்து வாங்கி, வீட்டில் பிரித்தால் உள்ளே பல ஆண்டு பிந்திய மறுஅச்சு. கடைக்காரர் மேல் குற்றமில்லை. உருவிப் பார்க்காதது நான்.

முதல் அச்சாகவே இருந்தாலும் தேய்ந்த தட்டால் பயனில்லை. இரும்பு ஊசி உழுத 78இல் பள்ளங்கள் பளபளப்பிழந்து சாம்பல் பூத்திருக்கும். அதற்கு எல்.பி. ஊசி பொருந்தாது, ஏறத்தாழ மூன்று மடங்கு அகன்ற முனை வேண்டும்.

வாங்கியதைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். உறைக் காகிதம் கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து, ஆகவே சுவரை ஒட்டி வேண்டாம். சித்திரை வெயிலில் மாடி அறை வினைலை அப்பளமாக வளைத்துவிடும். கீழ்த்தளத்தில், வெயில் எட்டாத இரண்டாம் கட்டு அறையே இதற்கு ஏற்றது.