காலிங் பெல் அடித்தாலும் கெடாத குதிரை: மாடல் குதிரைக்குப் புது வண்ணம் பூசுவது எப்படி?

தண்ணி லாரி, கேஸ் சிலிண்டர், பிள்ளையின் டியூஷன் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எழுந்து ஓடும் வீட்டிலும் மாடல் குதிரைக்கு, அதாவது நிஜக் குதிரையைச் சிறிதாக்கிச் செய்த பிளாஸ்டிக் உருவத்துக்கு, வண்ணம் பூசலாம். எந்த வேலையைப் பாதியில் விடலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விடக் கூடாதவை மூன்று: எபாக்ஸி (இரண்டு பாகத்தைப் பிசைந்தால் இறுகும் பசை மாவு), பிரைமர் ஸ்ப்ரே, கண். மற்றதெல்லாம் போட்டது போட்டபடி எழுந்து போகலாம்.

முதல் குதிரை சின்னதாக இருக்கட்டும். ப்ரேயர் கம்பெனியின் ஸ்டேபிள்மேட்ஸ் வகை (1:32 அளவு, அதாவது நிஜக் குதிரையில் 32இல் ஒரு பங்கு; ஏறக்குறைய 3 அங்குல உயரம்) போதும். 1:9 அளவுள்ள பெரிய குதிரை சாப்பாட்டு மேசையையே பிடித்துக்கொள்ளும். வீட்டில் சண்டை வரும்.

படி 1: டப்பா. குதிரை நின்றபடியே உள்ளே போகும் உயரத்தில், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று. குதிரையின் குளம்புகளை டபுள் சைட் டேப்பால் ஒரு காலி மாத்திரை பாட்டிலின் மேல் ஒட்டிவிடுங்கள். பிடிக்க அதுதான் கைப்பிடி. பெல் அடித்தால் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூட அரை நிமிஷம்தான் ஆக வேண்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இடது முன்னங்கால், 3ஆவது பூச்சு பாக்கி". நாலு நாள் கழித்துத் திறக்கும்போது இந்தச் சீட்டின் அருமை தெரியும்.

படி 2: தேய்த்துக் கழுவுதல். வயிறு, கால், கழுத்து ஓரமாக ஓடும் அச்சுக் கோட்டை 400 எண் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, 600இல் முடியுங்கள். பழைய பெயின்ட்டை முழுக்க எடுக்க வேண்டாம், பளபளப்பு போனால் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள்; அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் ஜெல் இரண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். விரல் எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் தோலாக உரியும். கடைசி அலசல் கேன் தண்ணீரில். போர் தண்ணீரின் உப்பு காய்ந்து வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

படி 3: எபாக்ஸி. பள்ளத்தை அடைக்க, பிடரியை மாற்ற எம்-சீல் போன்றது போதும். இரண்டு பாகத்திலும் சம அளவு, ஒவ்வொன்றும் ஒரு கொண்டைக்கடலைக்கு மேல் வேண்டாம். பிசைந்தபின் கையில் இருப்பது சுமார் 20 நிமிஷம். மே மாதத்தில் இன்னும் குறையும். நடுவில் எழ நேர்ந்தால் பிசைந்ததைத் தூக்கிப் போடுங்கள். பாதி இறுகியதைத் திணித்தால் ஒட்டாது, ஓரம் பெயர்ந்து வரும். கையுறை அவசியம். ஓர் இரவு காயட்டும்.

படி 4: பிரைமர், அதாவது நிறம் பிடித்து நிற்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. சென்னையில் ஆட்டம் காட்டுவது இதுதான். அதிகாலையில் காற்றில் ஈரம் அதிகம். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஈரத்தையும் தூசியையும் சேர்த்துக் கொண்டுவரும். காலை 10 முதல் 12 வரை, மொட்டை மாடியில், நிழலில் அடியுங்கள். கேனை 2 நிமிஷம் குலுக்கி, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய இரண்டு பூச்சு, நடுவே 15 நிமிஷம். புகை படிந்தது போல வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம். மணல் போலச் சொரசொரத்தால் ரொம்பத் தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள், பெயின்ட் வழியிலேயே காய்ந்துவிட்டது. வண்டிக்கு அடிக்கும் சில கேன்களின் தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கும், முதலில் வயிற்றின் அடியில் சோதியுங்கள். ரப்பர் போல வளையும் பொம்மைக் குதிரையில் ஸ்ப்ரே பிரைமர் பிசுபிசுவென்றே நின்றுவிடலாம். அதற்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கும், பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமரே நல்லது.

படி 5: நிறம். தொடங்குபவர்களுக்குச் செம்பழுப்புக் குதிரை. உடல் பழுப்பு, பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. காலில் செய்த தப்பெல்லாம் கறுப்பில் மறைந்துபோகும். மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பாருங்கள்: கறுப்பு கோடு போட்டது போல முடியாது, பழுப்பில் கரையும்.

அக்ரிலிக் பெயின்ட்டில் பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) 3 பங்கு, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) 1 பங்கு. முழுக் குதிரைக்கும் தேவையானதை ஒரே தடவையில் கலந்து, காற்றுப் புகாத குட்டி டப்பாவில் வையுங்கள். அடுத்த வாரம் அதே நிறத்தைத் திரும்பக் கலப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து 5, 6 மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் 5 நிமிஷம், காய 20 நிமிஷம். ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து கோடு கோடாக விழும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அழைப்பு வந்தால் பிரஷ்ஷைத் தண்ணீர்க் கோப்பையில் நிறுத்தாதீர்கள், முனை வளைந்துவிடும். ஈரத் துணியில் துடைத்து, அதன் மேலேயே படுக்க வையுங்கள்.

படி 6: கண். வீடு தூங்கியபின் இரண்டு கண்ணையும் ஒரே அமர்வில். ஒன்றை இன்றும் மற்றதை நாளையும் வரைந்தால் மாறுகண்தான். கரும்பழுப்பு நிரப்பி, பல்குச்சி நுனியால் ஒரு வெள்ளைப் புள்ளி.

படி 7: வார்னிஷ். ஒரு நாள் விட்டு, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். அடியில் படிந்திருப்பதை நன்றாகக் கலக்காவிட்டால் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் வெண்பொடி பூத்தது போலாகும். அது காய்ந்தபின் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ். பிறகு மாத்திரை பாட்டிலிலிருந்து பெயர்த்து, குளம்பின் அடியைத் தொட்டு முடியுங்கள்.